தேரைத் திருப்பு!

பழனியில் மொட்டை போட்டுக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை கிடைத்தால் மொட்டை, குழந்தை பிறந்தால் மொட்டை, ஹவுஸிங் லோன் முடிந்தால் மொட்டை. ஆனால், ‘நான் திருந்திவிட்டேன்’ என்று பெண்டாட்டிக்கு நிரூபிப்பதற்காக மொட்டை போட்டுக்கொண்ட ஒரே ஆசாமி என் நண்பன்தான்.

பெயர் வேண்டாமே! சொன்னால் அடுத்த வாரம் இந்தப் பக்கம் காலியாக வரும். ‘நண்பன்’ என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து நாற்காலி, மத்தியானம் பங்கு போட்டுச் சாப்பாடு. பதினாறு வருஷப் பழக்கம்.

சந்தனம் பூசிய தலையோடு மலையிறங்கி வந்தவன், “சாயந்திரம் அவ பார்த்தா அசந்து போயிடுவா, பாரு” என்றான்.

“சரி, அசந்து போவாங்க. அப்புறம்?”

“அப்புறமென்ன... நம்புவா.”

“முடி மூணு மாசத்துல வளர்ந்துடுமேடா!”

முறைத்தான். மொட்டைத் தலையோடு ஒருவன் முறைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் நண்பனுக்கு மதுரையில் ஒரு சிநேகிதம் ஏற்பட்டது. ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் ஆரம்பித்து எட்டு மாசம் ஓடியது. வீட்டில் கேட்டால் ‘திருச்சியில் ஆடிட்’. பாவம், அந்த ஆடிட் என்ற வார்த்தை! தமிழ்நாட்டில் எத்தனை பேருடைய திருட்டுத்தனத்தை அது தலையில் சுமந்திருக்கும்!

கடைசியில் காட்டிக் கொடுத்தது மனுஷர்கள் யாரும் இல்லை. ஃபாஸ்டாக்! கார் வாங்கியது மனைவி பேரில். டோல்கேட்டைத் தாண்டினால் மெசேஜ் அவர் போனுக்குப் போகும். திருச்சி ஆடிட்டுக்குப் போன கார், மதுரைப் பக்கத்து டோல்கேட்டில் பணம் கட்டியிருக்கிறது. மறுநாள் காலை அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் போனை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இட்லிக்குச் சட்னி ஊற்றினாராம். அதற்கப்புறம் சட்னி என்றாலே நண்பனுக்குக் கை நடுங்கும்.

அன்றோடு மதுரை முடிந்தது. அழுதான். காலில் விழுந்தான். போன் பாஸ்வேர்டை ஒப்படைத்தான். ஆறரை மணிக்கு வீட்டில் ஆஜர். இதெல்லாம் நடந்து மூணு வருஷம் ஆகிறது.

“மூணு வருஷம் ஆச்சுடா! இன்னமும் அரை மணி லேட்டானா என் மூஞ்சியையே பார்க்கிறா. நம்ம ஆபீஸ்ல கூட ரெண்டு வருஷத்துல பர்மனென்ட் பண்ணிடறாங்க. என்னோட ப்ரொபேஷன் எப்பதான் முடியும்?” - இதுதான் அவனுடைய நிரந்தரப் புலம்பல்.

அன்றைக்கு நாங்கள் கிளம்பியது அவனுக்காக இல்லை. என் அக்கா பெண்ணுக்காக. அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறதல்லவா, 1984-ல் ஆரம்பித்தது. அங்கே அவளுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டும். “என் கார்லயே போவோம்” என்றான் நண்பன். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாக ஏறுவதுதான் வழக்கம். மொட்டைக்காகப் பழனிக்குச் சுற்றிக்கொண்டு, அங்கிருந்து மலை ஏறினோம். அந்த ரோடு பெருமாள்மலையில் வந்து வத்தலக்குண்டு ரோட்டோடு சேர்ந்துகொள்கிறது.

கொடைக்கானல் டவுனில் வண்டியை நிறுத்தி, நண்பன் மனைவிக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினான். மயில் கழுத்து நிறம். நல்ல விலை. பேரமே பேசவில்லை. குற்ற உணர்ச்சி உள்ளவன் பேரம் பேச மாட்டான் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது. அவரும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

அட்டுவம்பட்டியில் இறங்கியபோது எதிரே நிற்பவன் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி. ஆபீஸில் சாப்பாட்டு நேரம். ஒரு டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டோம். நண்பன் மொட்டைத் தலையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். மடியில் சால்வை. ஆனால் பிரிக்கவில்லை. அது ‘அவளுக்கு’.

அக்கா பெண் தமிழ் படித்தவள். சால்வையைப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

“மாமா, மயிலுக்குப் போர்வை குடுத்த பேகன் தெரியுமில்ல? அவர் ஆண்டது இந்தப் பழனிப் பக்கத்து மலைநாட்டைத்தான்.”

தெரியாமல் என்ன? கடையெழு வள்ளல்களில் ஒருவர். குளிரில் மயில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கழற்றிப் போர்த்தியவர். நாலாம் கிளாஸ் பாடத்தில் படம் போட்டுப் பரீட்சையிலும் எழுதியாயிற்று.

“அதோட நிறுத்திட்டாங்க மாமா, ஸ்கூல்ல. பாக்கிக் கதையைச் சொல்லவே இல்லை” என்றாள். “அந்தப் பேகன் தன் பெண்டாட்டி கண்ணகியை விட்டுட்டு, நல்லூர்ங்கற ஊர்ல இன்னொரு பொண்ணு வீட்டுக்குப் போயிட்டிருந்தார்.”

நண்பனின் டீ கிளாஸ் பெஞ்சில் ‘டக்’கென்று உட்கார்ந்தது.

“சிலப்பதிகாரக் கண்ணகியா?” என்று நான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

“இது வேற கண்ணகி மாமா. புறநானூறு. 143-லேர்ந்து 147 வரைக்கும் அஞ்சு பாட்டு, இதே விஷயம்தான்!”

அந்தப் பெண்ணுக்கு நண்பனுடைய சமாசாரம் எதுவும் தெரியாது. வெள்ளந்தியாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் பெஞ்சுக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். மிதித்தது நண்பன் காலை.

அவள் சொன்ன கதையை நான் அப்புறம் உ.வே.சா. 1894-ல் பதிப்பித்த அந்த நூலின் உரைப் புத்தகம் ஒன்றை வாங்கிச் சரிபார்த்துவிட்டேன். எல்லாம் நிஜம். உங்களுக்கும் சொல்கிறேன்.

பேகனைத் தேடிக் கபிலர் வருகிறார். பசியோடும் களைத்துப் போன சுற்றத்தோடும் வந்தவர், வாசலில் நின்று மலையைப் பற்றிப் பாடுகிறார். உள்ளே ஒரு பெண் அழுகிறாள். புல்லாங்குழல் விம்முகிற மாதிரி அழுகை. கபிலர் பேகனிடம் நேராகக் கேட்டுவிட்டார், ‘அந்தம்மா யாருப்பா?’ என்று. தெரியாமலா கேட்டிருப்பார்!

அடுத்து பரணர். அந்தப் பெண்ணிடமே ‘நீ பேகனுக்கு உறவா?’ என்று விசாரிக்கிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘நாங்கள் உறவெல்லாம் இல்லை. அவர் இப்போது என்னைப் போல இன்னொருத்தியின் அழகுக்காகத் தேர் சத்தம் கேட்க நல்லூருக்குப் போய் வருகிறாராம்’ என்கிறாள். கட்டின பெண்டாட்டி, ‘உறவு இல்லை’ என்கிறாள்! அந்தக் காலத்துத் தேர் சத்தம்தான் இந்தக் காலத்து ஃபாஸ்டாக் மெசேஜ். ஊருக்கே கேட்டிருக்கிறது.

பரணர் விடவில்லை. இன்னொரு பாட்டில், ‘மயிலுக்கு இரங்கிப் போர்வை கொடுத்தவனே’ என்று கூப்பிட்டுவிட்டு, ‘நான் பசியால் வரவில்லை, எனக்குக் குடும்ப பாரமும் இல்லை. எனக்குப் பரிசு வேண்டும் என்றால் ஒன்றுதான். இன்று ராத்திரியே தேரேறிப் போய் அவள் துக்கத்தைத் தீர்த்துவிட்டு வா’ என்கிறார். அரிசில் கிழார் என்கிற புலவர், ‘உன் நகையும் செல்வமும் எனக்கு வேண்டாம், தேரில் குதிரையைப் பூட்டு’ என்கிறார். பெருங்குன்றூர் கிழார், ‘எண்ணெய் காணாத அவள் தலையில் பூ ஏறவேண்டும், கிளம்பு, அதுதான் எனக்குப் பரிசு’ என்கிறார்.

கவனியுங்கள் ஸார். நாலு புலவர்கள். நாலு பேருமே பரிசு வாங்கிப் பிழைக்க வேண்டியவர்கள். ராஜாவைப் புகழ்ந்து ரெண்டு வரி பாடினால் யானை கிடைக்கும். அதை விட்டுவிட்டு, ‘முதலில் வீட்டுக்குப் போ’ என்கிறார்கள்.

“அப்புறம் என்ன ஆச்சு? வீட்டுக்குப் போனாரா?” - கேட்டது நண்பன். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

“பாட்டுல இல்லை, அங்கிள். போனார்னு பின்னாடி கதை சொல்றவங்க சொல்லுவாங்க. அந்த அஞ்சு பாட்டுக்குள்ள இல்லை. இன்னொண்ணும் இல்லை...” என்று நிறுத்தினாள்.

“என்னது?”

“‘அவன் திரும்பி வந்தா நீ சேர்த்துப்பியா’ன்னு கண்ணகிகிட்ட யாரும் கேக்கலை.”

சொல்லிவிட்டு, மணி பார்த்துக்கொண்டு, ஃபைலோடு எழுந்து போய்விட்டாள். போட்ட குண்டு வெடித்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் நாங்கள் பனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ‘அவளைக் கேட்பது’ என்கிற வழக்கமே நம் நாட்டில் லேட்டாகத்தான் வந்தது. 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 497, கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுத்தவர் மனைவியோடு உறவு வைத்தால், அந்தக் கணவர் அந்த ஆள் மேல் கேஸ் போடலாம். ஆனால் கணவனால் ஏமாற்றப்பட்ட மனைவி போடவே முடியாது. 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. இன்றைக்கு இது ஜெயிலுக்குப் போகிற குற்றம் இல்லை. விவாகரத்துக்கு மட்டும் காரணம் ஆகலாம். சட்டம் தன் கணக்கை முடித்துக்கொண்டுவிட்டது. வீட்டுக் கணக்கு அப்படி முடிகிறதா என்ன?

“உண்மையைச் சொல்லு. ஒரு தடவை தப்புப் பண்ணினவன் மாறவே மாட்டானா?” என்றான் நண்பன்.

எனக்குத் தெரிந்த ஒரே புள்ளிவிவரத்தை எடுத்து விட்டேன். அமெரிக்காவில் கல்யாணமாகாத 484 பேரை, ஒரு உறவிலிருந்து அடுத்த உறவு வரை தொடர்ந்து கவனித்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதல் உறவில் ஏமாற்றியவர்கள் அடுத்ததிலும் ஏமாற்ற, மற்றவர்களைப் போல் மூணு மடங்கு வாய்ப்பாம்.

நண்பன் முகம் சுண்டிவிட்டது.

“முழுசாக் கேளு. முதல் தடவை ஏமாத்தினவங்கள்ல பாதிக்கு மேல மறுபடி அதைச் செய்யலை.”

“அப்ப நான் எந்தப் பாதி?”

“அது ஆய்வுல போடலை.”

சிரிக்கவில்லை. சால்வைப் பையையே தடவிக்கொண்டிருந்தான். பிறகு மெள்ளச் சொன்னான்: “மயிலுக்குக் குடுத்தாரே போர்வை... அது சுலபம்டா. மயில் கேள்வி கேக்காது.”

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனுக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன். போர்வை கொடுப்பது ஒரு நிமிஷ வேலை. அழுவது அஞ்சு நிமிஷம், மொட்டை கால் மணி நேரம். அந்தப் புலவர்கள் இதில் எதையும் கேட்கவில்லை பாருங்கள். ‘வருத்தப்படு’ என்றோ, ‘சத்தியம் பண்ணு’ என்றோ சொல்லவில்லை. ‘தேரைப் பூட்டு’ என்றார்கள். நல்லூருக்குப் போனதும் தேரில்தான், வீட்டுக்குப் போகவேண்டியதும் தேரில்தான். எந்தப் பக்கம் திருப்புகிறான் என்பதுதான் விஷயம். அதுவும் ஒரு நாள் திருப்பினால் போதாது. தினம் சாயந்திரம் திருப்ப வேண்டும்.

இதை அவனிடம் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இனிமேல்தான் என் கதை வருகிறது.

சர்டிபிகேட் கையில் கிடைத்துக் கிளம்பும்போது மணி அஞ்சு. இறங்கும்போது வத்தலக்குண்டு வழி. வளைவுக்கு வளைவு பனி. எப்படியும் திண்டுக்கல் போய்ச் சேர ஒன்பது ஆகிவிடும். ‘ஏழு மணிக்கு வந்துடுவேன்’ என்று வீட்டில் சொல்லியிருந்தான். பெருமாள்மலையில் வண்டியை ஓரம் கட்டி மனைவிக்குப் போன் போட்டான். ரிங் போய்க்கொண்டிருக்கும்போதே நான் அவன் காதில் சொன்னேன்:

“பஞ்சர்னு சொல்லிடு.”

சத்தியமாக ஸார், யோசித்துச் சொல்லவில்லை. தானாக வாயில் வந்தது. பழக்கம்!

அவன் என்னைப் பார்த்து, ‘வேண்டாம்’ என்று தலையாட்டினான். “ஆமா, நான்தான்... லேட்டாகும். இல்லை, வண்டி நல்லாத்தான் இருக்கு. டீக்கடைல உக்காந்து பேசிட்டிருந்தோம், நேரம் போனதே தெரியலை... திட்டறதுன்னா திட்டு... சரி. சரி. ஒன்பது ஆகும்.” நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு போனை வைத்தான். மொட்டைத் தலையில் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது.

பின் சீட்டில் அக்கா பெண் இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் வத்தலக்குண்டு வரைக்கும் எனக்குள் ஒரு பழைய போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. நிஜமாகவே ஆடிட்டுக்காகத் திருச்சி லாட்ஜில் நான் தனியாக இருக்கிறேன். நண்பனும் என்னோடு இருப்பதாக அவன் வீட்டில் ஐதீகம். பதினொன்றரைக்குப் போன்.

“அண்ணே, அவரு உங்ககூடத்தானே இருக்காரு? போனை எடுக்க மாட்டேங்கறாரு. பையனுக்குக் காய்ச்சல், கொதிக்குது.”

“பக்கத்துலதாம்மா இருக்கான். குளிச்சிட்டிருக்கான்.”

“இந்நேரத்துலயா?”

“திருச்சி வெயில் அப்படிம்மா!”

அந்தம்மா நம்பிவிட்டார். அண்ணன் பொய் சொல்வானா? தனியாகவே பையனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினார் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தப் பொய்க்கு நண்பன் எனக்குக் கொடுத்த கூலி, ஒரு மட்டன் பிரியாணி. சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

பேகனுக்கு வாய்த்த நண்பர்கள் பரிசே வேண்டாம் என்று தேரைத் திருப்பச் சொன்னார்கள். என் நண்பனுக்கு வாய்த்த நண்பன் ஒரு பிரியாணிக்குத் தேருக்குப் பெட்ரோல் போட்டான்.

டோல்கேட் விவகாரம் வெடித்ததிலிருந்து அந்த அம்மா என்னை ‘அண்ணே’ என்று கூப்பிடுவதில்லை. ‘சார்’. மூணு வருஷமாக ‘வாங்க சார்’, ‘காபி சாப்பிடுங்க சார்’. நானும் அதைக் கவனிக்காத மாதிரியே நடித்து வந்தேன்.

ஒன்பதே காலுக்கு, அக்கா பெண்ணை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, நண்பன் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் மொட்டையைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார்.

“மலைல தலைக்குக் குளிர்ந்திருக்குமே. இதை நீங்களே போர்த்திக்கிட்டு வந்திருக்கலாமில்ல?” என்றார். அவ்வளவுதான். ஷாக்கும் இல்லை, கண்ணீரும் இல்லை. நண்பன் மொட்டையைத் தடவிக்கொண்டு குளிக்கப் போனான். (இந்தத் தடவை நிஜமாகவே குளிக்க!)

வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். “அன்னிக்கு ராத்திரி... பையனுக்குக் காய்ச்சல் வந்தப்போ... நான் பொய் சொன்னேம்மா. தப்பு. மன்னிச்சிடுங்க.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“தெரியும் சார். அவரு மூணு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டுட்டாரு. நீங்க இன்னிக்குத்தான் கேக்கறீங்க.”

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போவதற்கு முன்னால், நாக்கு சும்மா இருக்காமல், “அவன் மாறிட்டான்னு தோணுதாம்மா?” என்று கேட்டேன்.

“முன்னாடியெல்லாம் லேட்டா வந்தா அவரு சொல்ற காரணம் அழகா இருக்கும் சார். கதை மாதிரி. இப்ப உருப்படியா ஒரு காரணம் சொல்லத் தெரியலை. டீக்கடைல உக்காந்திருந்தாராம்!” லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. “நம்பறேனான்னு கேட்டா எனக்கே தெரியாது. ஆனா ஒரு வருஷமா அந்த டோல்கேட் மெசேஜைத் திறந்து பார்க்கறதில்லை. வேணும்னு இல்லை. தோணலை. அவ்வளவுதான்.”

ப்ரொபேஷன் எப்போது முடியும் என்று கேட்கிற நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்டர் டைப் அடித்து வராது. எந்தத் தேதி என்று முன்கூட்டித் தெரியவும் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டியவர் நாம் இல்லை. அவர் போடாமலே போனாலும் கேட்க நமக்கு உரிமை இல்லை. நம் கையில் இருப்பது தேர் மட்டும்தான்.

அப்புறம், பக்கத்து சீட்டுக்காரர்களே... உங்கள் போன் ராத்திரி பதினொன்றரைக்கு அடித்தால் என்ன சொல்வீர்கள் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன், ரெண்டு பேரிடமும் சம்மதம் கேட்கப் போனேன். நண்பன் படித்துவிட்டு, “போடு” என்று ஒரே வார்த்தையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த அம்மா நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார். பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரே ஒரு திருத்தம். சட்னின்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு சாம்பார், சார்.”